பாங் முதல் உப்ஷி வரை

வணக்கம் ஐயா,

இமயமலையில் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை நீங்கள் போன சைக்கிள் பயணக் கட்டுரையைப் படித்தேன். நானும் சைக்கிள்காரன்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முதுகில் பையோடு ஏறியிருக்கிறேன். கூடாரம், துணிமணி, அரிசி பருப்பு எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு, வெறும் தண்ணீர் பாட்டிலோடு மிதித்துப் போவது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இல்லையா?

இன்னொன்று. வழியில் பாங் என்ற இடத்தில் இரவு தங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே உப்ஷியில் சிந்து நதியைப் பார்க்கிறீர்கள். நடுவில் 5,300 மீட்டருக்கு மேல் தங்லங் லா கணவாய் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லே வந்ததும் சைக்கிள் மீட்டர் 431 கி.மீ. காட்டும் படம் வேறு. ரோதாங் கணவாய் வழியாகப் போனால் லே 470 கி.மீ.க்கு மேல் ஆயிற்றே? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

இரா., நாமக்கல்

அன்புள்ள இரா.,

தவறாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரை வந்து எட்டு மாதம் ஆகிறது. தங்லங் லா எங்கே என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

ஊர்வலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தச் சண்டை பழையது. 1913 டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில், டூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜின் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்தது. பிறர் உதவி கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கி.மீ.க்கு மேல் நடந்து, அடிவார ஊரின் கொல்லன் பட்டறையில் தானே காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்று அதற்கும் தண்டனை போட்டார்கள்! உங்கள் கட்சி அந்த நடுவர்கள் கட்சி. ஆனால் அதே பந்தயத்தில், முதன்முதலாகப் பிரனீஸ் மலையின் பெரிய கணவாய்களில் ஏறிய 1910லேயே, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டியும் பின்னால் வந்தது. துடைப்ப வண்டி என்று அதற்குப் பெயர்.

எங்கள் துடைப்ப வண்டி ஒரு பொலிரோ ஜீப். ஓட்டியவர் லாஹௌல்காரர், அதிகம் பேசமாட்டார். வழியில் உயரத்தில் இருக்கும் சர்ச்சுவில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே சோறு லேசில் வேகாது. அந்தக் குக்கரை நான் சுமக்கவில்லை என்பதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. வழியில் ஜிஸ்பா என்ற ஊர், உயரம் 3,200 மீட்டர். அங்கிருந்து புறப்படும் நாளில் பாதி வழியில், உயரம் குறைந்த ஓர் இடத்தில் தங்குவதாகத்தான் திட்டம். சுமை இல்லாத சைக்கிள் பறந்தது, பதினொன்றரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். பாதி நாளை வீணாக்குவானேன் என்று பாரலாச்சா லா கணவாயையும் தாண்டி, சர்ச்சுவில், 4,290 மீட்டரில் போய்ப் படுத்தோம். உயரத்தால் வரும் நோயைத் தவிர்க்க, மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது பாலபாடம். நாங்கள் ஏறியது ஆயிரத்துக்கும் மேல். முப்பது கிலோ கட்டிக்கொண்டு வருகிறவன் எப்படியும் வழியில் விழுந்து கிடப்பான். அந்தக் களைப்பே அவனுக்குக் காவல். எங்கள் காவலைத்தான் நாங்கள் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டோமே.

மறுநாள் தலைவலியோடுதான் மிதித்தேன். காட்டா லூப்ஸின் 21 வளைவுகள், நக்கீ லா, லாச்சுலுங் லா, இருட்டும் நேரத்தில் பாங். காலையில் டிரைவர் டீயை நீட்டினார். நான் கிளாஸைப் பிடித்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. செருப்பு நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, “இதுமேல நடங்க சார், குதிகாலும் விரலும் ஒட்டணும்” என்றார். மூன்றாவது அடியில் கோடு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும். குடித்தவனைப் போல இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. மூளையில் நீர் கோத்தால் முதலில் போவது நிதானம்தான் என்று அங்குள்ள ராணுவ முகாமின் மருத்துவ அறையில் ஆக்சிஜன் வைத்தபோது சொன்னார்கள். உடனே கீழே இறங்கச் சொன்னார்கள்.

பாங்கில் அதுதான் சிக்கல். அங்கிருந்து கீழே போக வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டும். திரும்பினால் 5,000 மீட்டர் தாண்டிய லாச்சுலுங் லா, அதைக் கடந்தாலும் சர்ச்சுதான். முன்னே போனால் மோரே சமவெளி, பிறகு அதைவிட உயரமான தங்லங் லா. ஆனால் அந்தப் பக்கம் சிந்துக்கரை வரை இறக்கம். டிரைவர் அந்த வழியைத்தான் எடுத்தார். சுமார் 125 கி.மீ. எங்கும் நிறுத்தவில்லை. தங்லங் லாவைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அதுவும் பாதி நினைவில்.

மோரே சமவெளியில் ஒருவர் இரண்டு பக்கமும் பை தொங்கத் தனியாக மிதித்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடிக்காமல் நன்றாக ஒதுங்கிப் போனார். மிதித்தவர் தலை நிமிரவில்லை. நீங்கள் சொல்லும் சைக்கிள்காரர் அவர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

உப்ஷியில் இரண்டு நாள் கழித்துத்தான் எழுந்து நடமாடினேன். பிறகு லே வரை மெதுவாக மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்து கட்டுரை எழுதும்போது பாங்குக்கும் உப்ஷிக்கும் நடுவே ஒரு பத்தியை விட்டுவிட்டேன். மறதியால் விட்டதல்ல.

அந்த 431க்கும் கணக்குச் சொல்லிவிடுகிறேன். என் சைக்கிளைப் பொலிரோவின் கூரைமேல் கட்டியிருந்தார்கள். மீட்டரின் காந்தம் முன்சக்கரத்தில். உப்ஷி வரும்வரை எதிர்காற்றில் அந்தச் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறது. நான் மிதித்தது 350ஐ ஒட்டி இருக்கும். மிச்சத்தைக் காற்று மிதித்திருக்கிறது. படத்தைக் கட்டுரையிலிருந்து நேற்றே நீக்கிவிட்டேன்.