கதாபாத்திரத்துக்கு வயதானால் குறைய வேண்டியது உடலா, திறமையா?

பகடை உருட்டி மேசையில் ஆடும் கதாபாத்திர ஆட்டங்களில், வயதாக ஆக ஒருவருடைய திறமைகளையும் குறைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடலைக் குறையுங்கள், கற்ற தொழிலில் கை வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

ஆர்தர் மன்னர் காலத்துப் போர்வீரர்களாக ஆடும் ‘பென்டிராகன்’ (கிரெக் ஸ்டாஃபோர்ட், 1985) இதை அழகாகச் செய்கிறது. அதில் ஓர் ஆண்டின் சாகசம் முடிந்ததும் குளிர்காலக் கணக்கு வரும். வீரனுக்கு 35 வயதாகிவிட்டால் ஆண்டுதோறும் முதுமைக்கென்று இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும், நடுத்தர எண் விழுந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் உடல் பண்புகளில் புள்ளிகள் போகும். என் வீரனுக்கு வலிமை 13, உடலளவு 14. இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் நாலரை, அதை முழு எண்ணாக்கி ஐந்து பகடை அடி, அதாவது வாள் பட்டால் ஐந்து பகடைகளை உருட்டிக் காயத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு குளிர்காலத்தில் வலிமையில் ஒரே ஒரு புள்ளி போயிற்று, அடி நான்கு பகடையாகச் சுருங்கியது. வாள்திறன் அப்படியே 20. வீசிய வாள் எப்போதும்போல் எதிரியின்மேல் பட்டது. ஆனால் 10 புள்ளியைத் தடுக்கும் சங்கிலிக் கவசத்தைத் தாண்டி உள்ளே போகும் காயம், சராசரியாக ஏழரையிலிருந்து நான்காகிவிட்டது. கிழவரின் கை எப்படியிருக்கும் என்பதை அந்த ஒரு புள்ளியில்தான் உணர்ந்தேன்.

1977-இல் வந்த ‘டிராவலர்’ ஆட்டத்திலும் 34 வயதிலிருந்து வலிமையும் சுறுசுறுப்பும் தாக்குப்பிடிக்கும் ஆற்றலும்தான் ஆபத்துக்குள்ளாகின்றன. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பு 70 வயது மனிதனுக்கு உடல் பண்புகள் ஒவ்வொன்றிலும் மொத்தம் ஆறு புள்ளிகளைக் கழித்து, அறிவு சார்ந்தவை ஒவ்வொன்றிலும் மூன்றைக் கூட்டித் தரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது; ஆனால் மந்திரவாதியாக ஆட வருபவர்களுக்குத் தொடக்கத்திலேயே கிழவராகிவிடும் ஆசையை அது மூட்டிவிடுகிறது.

பயன்படுத்தாத திறமை தேயும் என்ற விருப்ப விதி ‘கர்ப்ஸ்’ ஆட்டத்தில் உண்டு. எந்தத் திறமையை யார் கடைசியாக எப்போது பயன்படுத்தினார் என்று கணக்கெழுதியே எங்கள் மாலைகள் கழிந்ததால் அதைக் கைவிட்டோம்.

கதை சில மாதங்களிலேயே முடிந்துவிடுமானால் முதுமை விதியே வேண்டியதில்லை. பல ஆண்டுகள் நீளுமானால் வாரிசு வளர்வதற்கும் வழி வையுங்கள்: ‘பென்டிராகனில்’ தந்தையின் புகழில் பத்தில் ஒரு பங்கு மகனுக்கு வந்து சேரும் என்பதால், 50 வயதைத் தாண்டிய என் வீரனைக் கோட்டையில் உட்கார வைத்துவிட்டு மகனுடைய விவரத்தாளை எடுத்துக்கொண்டு அவனாக ஆடுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.