ஸ்டீராய்டு எடுத்தபின் வெள்ளை அணு கூடினால் ரத்தப் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 36. இழுப்பு அதிகமானதால் டாக்டர் 5 நாளைக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். நான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 14,200, ஈசினோஃபில் 0 என்று வந்தது. இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள், எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்கிறார்கள். பயந்துபோய் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரையும் நிறுத்திவிட்டேன். நீல இன்ஹேலரை வைத்துச் சமாளிக்கிறேன். முடி கொட்டுகிறது, வாயில் வெள்ளை படிந்திருக்கிறது.

பதில்: நீங்கள் எழுதிய எண்களில் ரத்தப் புற்றுநோய் என்று சொல்ல எதுவும் இல்லை. வெள்ளை அணுக்களில் ஒரு வகை நியூட்ரோஃபில். அவற்றில் ஒரு பெரும் பகுதி எப்போதும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஓரமாக நிறுத்திய வண்டிகளைப் போல இருக்கும். ஸ்டீராய்டு அவற்றை விடுவித்து ஓட்டத்துக்குள் அனுப்புகிறது, அவற்றின் ஆயுளையும் கொஞ்சம் நீட்டுகிறது. ஆய்வகம் அதைத்தான் எண்ணியிருக்கிறது. ரத்தப் புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் முதிராத அணுக்கள் இருந்திருந்தால் அறிக்கையிலேயே எழுதியிருப்பார்கள். காய்ச்சலோ பச்சைச் சளியோ இருந்தால் தொற்றும் எண்ணிக்கையை உயர்த்தும். அப்போது டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் மாத்திரை முடிந்து 2, 3 வாரம் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும்.

ஈசினோஃபில் என்பதும் ஒரு வகை வெள்ளை அணுதான். அது 0 ஆனதற்கு நீங்கள் பயப்படவே வேண்டாம். பலருக்கு மூச்சுக்குழாயை வீங்க வைப்பதே அந்த அணுக்கள்தான். ஸ்டீராய்டு செல்லுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் வேலையைக் குறைக்கிறது. ஈசினோஃபிலை வாழவைக்கும் இன்டர்லூக்கின்-5 என்ற புரதம் குறைகிறது, அந்த அணுக்கள் தாமாகவே மடிகின்றன. மருந்து வேலை செய்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? இதை எதிர்ப்புச் சக்தி அழிந்ததாக எழுதுகிறவர்களை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு மிகக் கொஞ்சம்தான்: பலர் எடுப்பது ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் புடசொனைடு என்ற ஸ்டீராய்டு. மாத்திரையாக எடுக்கும் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் எடையில் அதைப்போல் 100 மடங்கு.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் நீல இன்ஹேலர். அதிலிருக்கும் சால்பூட்டமால் குழாயின் தசையைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதனால் சௌகரியமாக உணர்ந்துகொண்டே நோய் மோசமாகலாம். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய ஜீனா வழிகாட்டி 2019 முதல், பெரியவர்கள் இதை மட்டும் தனியாக நம்பக் கூடாது என்றே சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டால், இரவில் இழுப்பு எழுப்பினால், உங்கள் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போகும் வழியில் நீல இன்ஹேலரை அடித்துக்கொண்டே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, மற்றவை. வாயில் வெள்ளைப் படிவது பூஞ்சைத் தொற்றாக இருக்கும். எளிதில் சரியாகும், டாக்டரிடம் காட்டுங்கள். இனி இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். முடி கொட்டுவதற்கு இந்த 5 நாள் மாத்திரையைக் குறை சொல்ல வேண்டாம்.

மிச்சம் மாத்திரை இருந்தால் அடுத்த இழுப்புக்கென்று எடுத்து வைக்காதீர்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கவும் வேண்டாம். நிறுத்திய ஸ்டீராய்டு இன்ஹேலரை இன்றிரவே, டாக்டர் சொன்ன அளவில், மீண்டும் தொடங்குங்கள். இந்த வாரத்துக்குள் அவரைப் பாருங்கள். நீல இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள்.