படிவம் 4 மகனும் வாஷிங்டன் சுந்தர் கனவும்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகனுக்கு பேட்டிங்கும் சுழல் பந்தும் நன்றாக வருகின்றன, இந்திய கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தர் மாதிரி ஆகப்போகிறேன் என்று டியூசனைத் தட்டிக்கழிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனாலும் மட்டையைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். வாஷிங்டனின் ஆரம்ப காலத்தை முழுதாக அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சென்னைக்காரரான அவர் முதலில் பேட்ஸ்மேனாகத்தான் அறியப்பட்டார். 2017 ஐபிஎல்லில் அஸ்வினுக்குக் காயம் என்றதும் புனே அணி அவர் இடத்தில் இவரை எடுத்தது. அந்த டிசம்பரிலேயே, 18 வயதில், இந்தியாவுக்கு ஆடிவிட்டார். பையன்களுக்கு இதுவரை மனப்பாடமாகத் தெரியும். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில், வலைப்பயிற்சியில் பந்து போடத் தங்கவைக்கப்பட்டிருந்தவர், அஸ்வினும் ஜடேஜாவும் காயம்பட்டதால் பிரிஸ்பேன் டெஸ்டில் இறங்கினார். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட், 62 ரன். மார்ச்சில் அகமதாபாத் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 96. இவ்வளவு செய்தவருக்கு அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2024 அக்டோபரில்! நடுவில் காயத்துக்கு மேல் காயம். திரும்பி வந்த புனே டெஸ்டில் 11 விக்கெட் எடுத்தார்.

அந்த மூன்றரை ஆண்டைக் காட்டி, "உனக்கு இப்படி ஒரு இடைவெளி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவருக்கு அப்போதும் ஐபிஎல் ஒப்பந்தம் இருந்தது. மலேசியாவிலும் விரன்தீப் சிங் போன்ற நல்ல ஆல்ரவுண்டர் உண்டு. ஆனால் கிரிக்கெட்டை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது மிகக் கடினம்.

அதனால் படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே கிடையாது. பயிற்சிக்குப் போகாத நாட்களில் டியூசன் என்று அவனையே அட்டவணை போடச் சொல்லுங்கள்; தானே போட்டதை மீற மனம் வராது. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளியில் விளையாட்டு, கழகங்கள் போன்ற புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு, ஆகவே பள்ளி, மாநில அளவில் ஆடிய சான்றிதழ் ஒன்றையும் தொலைக்கக் கூடாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) இன்னொரு வழி. இரண்டுக்கும் அறிவியல் பாடம் வேண்டும்.

இன்னொன்று: பேட்டிங்கா பௌலிங்கா என்று இப்போதே அவனைத் தேர்வு செய்யச் சொல்லாதீர்கள். 16 வயது அதற்கு மிகச் சீக்கிரம்.

இந்த மாதமே பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். மகனின் அப்பாவும் கூட வரட்டும்.