மூன்றரை வயது மகன் திக்கிப் பேசுகிறான், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

அந்த ஆளுக்கொரு வைத்தியத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். என் அண்ணன் மகனுக்கும் ஏறக்குறைய இதே வயதில்தான் திக்க ஆரம்பித்தது. மன்னார்குடி பக்கம், கூட்டுக் குடும்பம். ஸ்பீச் தெரபிஸ்ட் அவனைப் பார்ப்பது வாரத்தில் கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் அவன் அப்பாயி, தாத்தா, சித்தப்பா பிள்ளைகள் நடுவில்தானே இருக்கிறான்? அம்மாவுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கல் தொடங்குவது சகஜம். நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்காவது ஒரு கட்டத்தில் வரும், பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். பயந்ததாலோ வளர்ப்பாலோ வருவதில்லை, பரம்பரைக்குப் பங்கு உண்டு. தெரபிஸ்ட் இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் தாத்தா, பள்ளிக்கூட நாளில் தானும் திக்கியதை வாய்விட்டுச் சொன்னார். அதுவரை பழியெல்லாம் அண்ணி தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் பேசு", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" இரண்டும் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது. அவன் சொல்ல வந்ததை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று நிற்க வைக்காதீர்கள். மெதுவாகப் பேச வேண்டியது பெரியவர்கள். எங்கள் தாத்தா இதில் கெட்டிக்காரர். பம்புசெட்டுத் தொட்டி ஓரம் அவனோடு உட்கார்ந்துகொள்வார். "தாத்தா, த... த... தவளை" என்று அவன் திணறும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பார். அவன் முடித்த பிறகு, "ஆமாடா, தவளை... பெரிய தவளை" என்பார், அவ்வளவுதான். தினமும் ஐந்து நிமிஷம் இப்படி ஒருவர் மட்டும், போன் இல்லாமல், அவன் இழுத்த விளையாட்டுக்குப் போனாலே போதும். மற்ற பிள்ளைகள் குறுக்கே பேசாமல் முறை வைத்துப் பேசப் பழக்குவதுதான் பெரும்பாடு.

கோயில் விஷயம். அப்பாயி கூத்தனூர் சரஸ்வதியிடமோ, சம்பந்தரின் பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த திருக்கோலக்கா அம்மனிடமோ கூட்டிப் போகட்டும், தடுக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "இவனுக்குப் பேச்சு திக்குது" என்று அவன் காதுபடச் சொல்லாமல் இருந்தால் சரி. நாக்கில் வசம்பு தேய்ப்பது, கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்வது இரண்டும் கூடவே கூடாது. கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறை என்று ஒன்று இருக்கிறது, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு. திக்காமல் பேசியதை உடனுக்குடன் பாராட்டுவதும், தினமும் திக்கலுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவதும் பெற்றோர் வேலை. தெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்காமல் யூடியூபைப் பார்த்து இதை ஆரம்பிக்காதீர்கள்.

திக்கல் ஆறு மாதம் தாண்டினாலோ, வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலோ தெரபிஸ்ட்டைப் பாருங்கள். கண்ணை இறுக்கிக்கொண்டு, வாய் திறந்தும் சத்தம் வராமல் தவித்தாலோ, பேசவே தயங்கினாலோ நாள் கடத்தவே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையம் (DEIC) எங்கே என்று விசாரியுங்கள். போகும்போது அவன் வீட்டில் பேசுவதை இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் இந்தப் பிள்ளைகள் சில நாள் கடகடவென்று பேசிவிடுவார்கள்.