ஆறு கிலோமீட்டருக்கு டீசல் கார் வேண்டுமா?

கேள்வி: அலுவலகம் 6 கிலோமீட்டர். பழைய டீசல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: இந்தத் தூரத்துக்கு டீசல் வேண்டாம் என்பதுதான் என் பதில். புகைக்கரியைப் பிடித்துவைக்கப் பல டீசல் கார்களில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிய, அதற்குள் சூடு ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். ஆறு கிலோமீட்டரில் இன்ஜினே சரியாகச் சூடாகாது. கரி எங்கே எரியும்? என் பட்டறைக்கு வடிகட்டி அடைத்து வரும் வண்டிகள் பெரும்பாலும் இப்படிக் குறுகிய ஓட்டம் ஓடியவைதான்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் சரி. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பார்க்காமல் திரும்பிவிடுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாசனையும் அடித்தால், கரியை எரிக்கும் முயற்சி பாதியில் நின்று நின்று டீசல் ஆயிலில் இறங்கியிருக்கலாம். அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில் மாற்றும்போது டி.பி.எஃபுக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த ஆயிலையே கேட்டு வாங்குங்கள்.