பாரிஸுக்கு முதல் பயணம்: கிழமையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மே விடுமுறையில் முதல்முறையாக ஐரோப்பா போகிறோம். நான், மனைவி, 14 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயதான அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அசைவம் தொடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாரிஸில் இறங்கி அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறோம். ஈபிள் கோபுரம், லூவ்ர், வெர்சாய் எல்லாம் பார்த்துவிட்டு நடுவில் ஒரு நாள் பிரஸ்ஸல்ஸ், ஒரு நாள் ஆம்ஸ்டர்டாம் போய்வர முடியுமா? எதை முதலில் புக் செய்வது?"

ஆம்ஸ்டர்டாம் வேண்டாம், பிரஸ்ஸல்ஸும் வேண்டாம். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு அதிவேக ரயிலிலேயே போக மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. ஸ்டேஷனுக்குப் போவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு பகலே ரயிலில் கழிந்துவிடும். பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான், ஆனால் உங்கள் கையில் இருப்பதே திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து முழு நாட்கள், அதில் ஒன்றை எடுத்து வேறு ஊருக்குக் கொடுத்தால் பாரிஸில் ஏதோ ஒன்றை ஓடிக்கொண்டே பார்க்க வேண்டிவரும், அந்த ஓட்டம் முதலில் அம்மாவின் முழங்காலில்தான் போய் விழும்.

பாரிஸ் திட்டத்தை இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல் கிழமைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். லூவ்ர் மூடிய செவ்வாயன்று அந்தக் கூட்டமெல்லாம் வெர்சாய்க்குத் திரும்பும், அதனால் திறந்திருந்தாலும் அன்று அங்கே போகாதீர்கள். லூவ்ர் புதன், வெள்ளி இரவு 9 வரைக்கும், ஓர்சே வியாழன் இரவு 9.45 வரைக்கும் திறந்திருக்கும். அப்புறம் மே 1. பிரான்ஸில் அன்று ஏறக்குறைய எல்லாமே அடைத்துவிடுவார்கள், லூவ்ர், ஓர்சே, வெர்சாய் மூன்றும் கிடையாது. மே 8-ம் பொது விடுமுறைதான். முடிந்தால் இந்த இரண்டு தேதிகளும் வராத வாரமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

இன்னொரு விதி, ஒரு நாளைக்கு நேரம் குறித்த டிக்கெட் ஒன்றே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் யாராவது ஒருவருக்குப் பசிக்கும், ஒருவருக்குக் கால் வலிக்கும், ஒருவர் கழிப்பறை தேடுவார், இதில் 11 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று, 5 மணிக்கு ஒன்று என்று புக் செய்து வைத்தால் நாள் முழுக்கப் பதற்றம்தான் மிச்சம்.

முதலில் விசா. பிரான்ஸ் உட்பட பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே பயணம் என்றால் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள், மார்ச்சுக்குப் பிறகு விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பது கஷ்டம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 45. உங்கள் வீட்டுக் கணக்கு நான்கு பேருக்கு 90, சின்னவருக்கு 45, ஆக 405 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கையில் வரும் வரை பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரியான விமான டிக்கெட்டும் ஹோட்டலுமே எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

தங்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஈபிள் கோபுரம் ஜன்னலில் தெரிய வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது, பழைய ஸ்டேஷன்களில் பெரும்பாலானவற்றில் லிப்ட் கிடையாது, படிகள்தான். ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்கு மாறுவதற்குள்ளேயே இரண்டு மூன்று இடத்தில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். 14-ம் எண் லைன் ஒன்றுதான் தொடக்கத்திலிருந்து லிப்ட் வசதியோடு கட்டப்பட்டது. அதனால் கார் தெ லியோன் ரயில் நிலையம், பெர்சி போன்ற 14-ம் லைன் பக்கம் சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டலாகப் பாருங்கள். பாரிஸ் ஹோட்டல் அறைகள் சின்னவை, ஐந்து பேரை ஒரே அறையில் விடமாட்டார்கள், இரண்டு அறை எடுப்பதற்கு இது மேல். காலையில் அம்மாவுக்கு ஒரு உப்புமா கிளறிக்கொடுக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கட்டடத்தில் லிப்ட் இருக்கிறதா, அது உங்கள் மாடி வரை வருகிறதா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு உண்மையான வாகனம் பஸ். எல்லாப் பஸ்களும் தாழ்தளம், ஏறுவது சுலபம், ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். 69-ம் நம்பர் பஸ்ஸைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: ஈபிள் கோபுரத்தடிப் புல்வெளியில் கிளம்பி, இன்வலீத், ஓர்சே, லூவ்ர், பாஸ்தீல் என்று நகரத்தின் நடுவிலேயே போகிறது. சுற்றுலாப் பஸ்ஸுக்குக் கொடுக்கிற பணம் மிச்சம்.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் தேதிகள் அருமையாக அமைந்திருக்கின்றன. நவிகோ வாராந்தர பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான் செல்லும், நீங்கள் எந்த நாளில் வாங்கினாலும் சரி. புதன்கிழமை இறங்குகிறவர்களுக்கு அது நஷ்டம், உங்களுக்கோ முழு வாரமும் பலன். 2025-ல் பாஸ் விலை 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ. மெட்ரோ, பஸ், வெர்சாய் ரயில், சனிக்கிழமை விமான நிலையம் போகிற ரயில் எல்லாம் இதிலேயே அடங்கும். தனியாக வாங்கினால் அதே வருஷக் கணக்கில் மெட்ரோ டிக்கெட் 2.50, விமான நிலைய டிக்கெட் மட்டும் 13 யூரோ, ஜனவரிதோறும் கொஞ்சம் ஏற்றுவார்கள். அட்டையில் ஒட்ட இரண்டரைக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் போட்டோ வேண்டும், விசா போட்டோ எடுக்கும்போதே கோவையிலேயே ஆளுக்கு ஒன்று வெட்டிக் கொண்டுபோய்விடுங்கள். ஞாயிறன்றே அடுத்த வாரத்துக்கான பாஸை வாங்கிவிடலாம். வாங்கியதும் பெயர் எழுதி போட்டோவை ஒட்டிவிடுங்கள், பரிசோதகர் பார்க்கும்போது போட்டோ இல்லை என்றால் அபராதம்.

ஞாயிறு காலை இறங்கியதும் ரயிலா டாக்ஸியா? தனி ஆளாக இருந்தால் ரயில் என்பேன். உங்களுக்கு 2025 கணக்கில் ஐந்து பேருக்கு 13 வீதம் 65 யூரோ. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து டாக்ஸிக்கு அரசே நிர்ணயித்த ஒரே விலைதான்: 2025-ல் செய்ன் நதிக்கு வடகரை என்றால் 56, தென்கரை என்றால் 65 யூரோ, ஐந்தாவது ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல். கார் தெ லியோன், பெர்சி இரண்டும் வடகரை. பெட்டிகளோடும் அம்மாவோடும் வாசலில் போய் இறங்க டாக்ஸியே சரி. ஆனால் அதிகாரபூர்வ வரிசையில் நின்று, ஐந்து பேர் என்று சொல்லிப் பெரிய வண்டியாகக் கேளுங்கள். உள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். அன்றைக்கு வேறு எதையும் புக் செய்ய வேண்டாம், 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகை, முகப் படம் எடுத்துப் பதியும் புதிய முறை வந்திருக்கிறது, வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

திங்கள்: நதி நடுவிலிருக்கும் தீவு. காலையில் சாந்த் ஷப்பெல், அதற்கு டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 1248-ல் கட்டி முடித்த அரச தேவாலயம், நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் விமான நிலையம் போலப் பரிசோதனை உண்டு, கத்தரிக்கோல், சின்னக் கத்தி எதுவும் பையில் இருக்கக் கூடாது. கீழ்த்தளம் தாழ்வாக, இருட்டாக இருக்கும், இதற்கா வந்தோம் என்று தோன்றும். குறுகலான சுழற்படி ஏறி மேலே வந்தால் சுவர் என்பதே இல்லை, சுற்றிலும் 15 ஜன்னல்கள், தரையிலிருந்து கூரை வரைக்கும் நீலமும் சிவப்புமான கண்ணாடி, அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைபிள் காட்சிகள். வெயில் ஏறும்போது அந்த நிறம் எதிரில் நிற்பவரின் சட்டையிலும் கன்னத்திலும் விழும். அவசரப்படாமல் ஓரத்து இருக்கையில் அரை மணி நேரம் உட்காருங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு லிப்ட் உண்டு, ஊழியரிடம் கேட்க வேண்டும். அங்கிருந்து நடந்தால் நோத்ர தாம் தேவாலயம். 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள், நுழைவு இலவசம், இரண்டு நாள் முன்பிருந்து இலவசமாக நேரம் பதியலாம். காசு கேட்டு டிக்கெட் விற்கிறவர்கள் யாராக இருந்தாலும் வாங்காதீர்கள். கோபுரம் ஏறுவதற்கு மட்டும் கட்டணம், 400-க்கும் மேல் படிகள், அது பிள்ளைகளுக்கு.

செவ்வாய் ஓர்சே. 1900-ல் ரயில் நிலையமாகக் கட்டியது, 1986-ல் அருங்காட்சியகம் ஆனது. நேரே ஐந்தாம் மாடிக்கு லிப்டில் போய் மோனே, ரென்வார் ஓவியங்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள், பிறகு மாடிக்குப் போகலாம் என்று நினைத்தால் அதற்குள் களைத்துவிடுவீர்கள். மத்தியானம் அறைக்குப் போய்த் தூங்கலாம், இரவு ஈபிள்.

ஈபிளுக்கு லிப்ட் டிக்கெட் 60 நாட்களுக்கு முன் ஆன்லைனில் திறக்கும், மே மாதத்துக்குச் சீக்கிரமே காலியாகிவிடும், அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தளம் வரை போனால் போதும் என்பது என் கருத்து, அங்கிருந்து பார்க்கும்போதுதான் நகரத்தின் கட்டடங்கள் அடையாளம் தெரியும், உச்சியில் காற்றும் இன்னொரு வரிசையும்தான் அதிகம். டிக்கெட் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். மே நடுவில் சூரியன் மறையவே 9.20 ஆகும், இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மின்னும். 10 மணிக்கு எதிர்க்கரையில் திரொகதேரோ மேடையில் இருங்கள், அது இலவசம்.

புதன் லூவ்ர். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தை 32 யூரோ ஆக்கிவிட்டார்கள், வெர்சாய், சாந்த் ஷப்பெல்லிலும் இப்படி வேறு கட்டணம் வந்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் பிள்ளைகளுக்கும் பூஜ்ய விலை டிக்கெட்டில் நேரம் பதிய வேண்டும். அம்மாவுக்கு உள்ளேயே சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள், தயங்காமல் வாங்குங்கள், கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டிய இடம். மாலை 4 மணி வாக்கில் நுழைந்தால் 7-க்கு மேல் கூட்டம் தணியும், மோனாலிசாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 77 சென்டிமீட்டர் உயரப் படம், கண்ணாடிக்குப் பின்னால், அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான போன்கள். அங்கே நின்று அப்படியே திரும்பிப் பாருங்கள். எதிர்ச்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெரொனேசேயின் கானா ஊர்த் திருமண விருந்து இருக்கிறது, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவ்ரிலேயே பெரிய ஓவியம். அதற்கு எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதால் நிம்மதியாகப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பந்தியில் பரிமாறுகிறவர்கள், நடுவில் வாத்தியக்காரர்கள், மேசைக்கடியில் நாய்கள் வரை பிள்ளைகள் தேடித்தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஹமுராபியின் சட்டக் கல்லும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, மூத்த பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கும், காட்டுங்கள்.

வியாழன் வெர்சாய், சி லைன் ரயிலில் 'வெர்சாய் ஷாத்தோ' என்று முடிகிற வண்டி. காலை முதல் நேரத்துக்கே டிக்கெட் எடுங்கள், அரண்மனையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு வாருங்கள், அம்மாவுக்குக் குட்டி ரயில் உண்டு.

வெள்ளியன்று மோன்மார்த்ர் குன்று, மேலே சாக்ரே கேர் தேவாலயம். படி ஏற வேண்டாம், இழுவை ரயிலுக்கு நவிகோ செல்லும். அடிவாரத்தில் கையில் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்காமல் நடங்கள். கையெழுத்து கேட்டு அட்டை நீட்டுகிறவர்களுக்கும் அதேதான், நீங்கள் கையெழுத்துப் போடும்போது இன்னொரு கை உங்கள் பையில் இருக்கும். மெட்ரோவில் கதவருகே போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மாலையில் அடிவாரத்து ஆன்வேர் ஸ்டேஷனிலிருந்து 2-ம் லைனில் இரண்டாவது நிறுத்தம், லா ஷப்பெல். இறங்கினால் ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. தமிழில் பெயர்ப்பலகை, முருங்கைக்காய், வாழையிலை, தோசை, இடியப்பம் எல்லாம் கிடைக்கும். பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது, அம்மாவை அழைத்துப் போங்கள். மற்ற நாட்களில் சைவச் சாப்பாட்டுக்கு மரே பகுதியில் ரோசியே தெருவின் ஃபலாஃபல் கடைகள் நல்லவை, யூதர்கள் நடத்துவதால் பல கடைகள் வெள்ளி சாயங்காலமும் சனியும் மூடியிருக்கும். உணவகத்தில் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், கறி, மீன், பன்றி எதுவும் வேண்டாம் என்று பிரெஞ்சில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

புக் செய்யும் வரிசை இது: விசா, அதோடு ரத்து செய்யக்கூடிய ஹோட்டல், 60 நாள் முன்பு ஈபிள், கூடவே லூவ்ர், வெர்சாய், பிறகு சாந்த் ஷப்பெல், ஓர்சே, கடைசியில் நோத்ர தாம். சனிக்கிழமை திரும்பும்போது நவிகோ இருக்கிறது என்றாலும் முந்தைய இரவே ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள், வேலைநிறுத்தமும் பராமரிப்பு வேலையும் விமான நிலைய லைனில் அடிக்கடி வரும், அப்படி இருந்தால் காலைக்கு டாக்ஸியை இரவே சொல்லிவையுங்கள்.