ஆலைச் சத்தத்தில் வீட்டு அழைப்பை அதிர்விலேயே அறிய

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைச் சத்தத்தில் ரிங்டோன் கேட்பதே இல்லை, ஐபோனை வெளியே எடுக்காமலே அழைப்பது வீடா, நெல் வியாபாரியா என்று தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வழி உங்கள் போனிலேயே இருக்கிறது.

தொடர்புகளில் வீட்டு எண்ணைத் திறந்து திருத்தம், ரிங்டோன், ஹாப்டிக்ஸ் என்று போங்கள். பழைய பதிப்பில் வைப்ரேஷன் என்றிருக்கும். அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கலாம். திரையைத் தட்டினால் குட்டி அதிர்வு, அழுத்திப் பிடித்தால் நீள அதிர்வு. வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரை நினைத்துக்கொண்டு தட்டுங்கள். நானாக இருந்தால் வீட்டுக்கு இரண்டு நீளம், வியாபாரிக்கு மூன்று குட்டி. இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். நெருக்கித் தட்டினால் எல்லாம் ஒரே உறுமலாகிவிடும். ஆளுக்கொரு தாளம் என்று ஆசைப்படாதீர்கள், மூன்றுக்கு மேல் போனால் எனக்கே குழம்புகிறது.

ஆலைத் தரையும் நடுங்கும் என்பதை மறக்க வேண்டாம். அந்த நடுக்கத்தில், தளர்ந்த வேட்டி மடிப்பில் போன் கிடந்தால் எதுவும் உறைக்காது. உடம்போடு ஒட்டிய பைதான் சரி. ஒலி அமைப்பில் ஹாப்டிக்ஸை 'எப்போதும்' என்று வைத்துவிட்டு, மதினியை நாலைந்து முறை அழைக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.